மூன்றே நாளில் பறந்த முட்டி வலி

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. விருதுநகர் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். ஆறேழு ஆண்டுகளாக இரண்டு முழங்காலிலும் வலி. எக்ஸ்ரே பார்த்துவிட்டு ‘சவ்வு தேய்ந்துவிட்டது’ என்றார்கள். கைபேசியில் வந்த ஒரு வீடியோவைப் பார்த்து, ‘27 அரிய மூலிகைகள்’ கலந்த பொடியைத் தபாலில் வரவழைத்துச் சாப்பிடுகிறார். ஒரு மண்டலத்துக்கு 4,200 ரூபாய். மூன்றாம் நாளே வலி போய்விட்டது. கோயில் படி ஏறுகிறார். இப்போது இரண்டாவது மண்டலம். நடுவில் பொட்டலம் வரத் தாமதமாகி நான்கு நாள் விட்டுப்போனபோது முன்னைவிடக் கடுமையாக வலித்தது. வாந்தி, எழுந்து உட்கார முடியாத சோர்வு. கேட்டதற்கு ‘தேங்கிய கழிவு வெளியேறுகிறது’ என்றார்களாம். பொங்கலுக்குப் போனபோது அம்மாவின் முகம் பூசினாற்போல் இருந்தது. சர்க்கரையும் கூடியிருக்கிறது. ‘மூலிகைதானே, என்ன செய்துவிடும்?’ என்கிறார். நம்பலாமா? முடக்கத்தான், பிரண்டை, மஞ்சள் எல்லாம் உண்மையிலேயே பலன் தருமா, இல்லை எல்லாமே ஏமாற்றுதானா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் நான் பென்சிலால் கோடிட்ட இடம், ‘மூன்றாம் நாளே வலி போய்விட்டது’ என்ற வரி. நீங்கள் அதை நல்ல செய்தியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் வயிற்றைக் கலக்கியது.

காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அவசரமான ஒன்று. இதைப் படித்த கையோடு அம்மாவுக்குத் தொலைபேசி செய்து ‘அந்தப் பொடியைக் குப்பையில் போடு’ என்று சொல்லிவிடாதீர்கள். அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று நான் வலுவாகச் சந்தேகிக்கிறேன். நம் சிறுநீரகத்தின் தலைமாட்டில் அட்ரீனல் என்று ஒரு சுரப்பி உண்டு. உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டை அது தினமும் தானே சுரக்கிறது. வெளியிலிருந்து மூன்று நான்கு வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், வேலையில்லாத அந்தச் சுரப்பி தூங்கப் போய்விடும். திடீரென்று வரத்து நின்றால் உடனே எழுந்து வேலை பார்க்க அதனால் முடியாது. வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் சரிவது, எழ முடியாத சோர்வு, சிலருக்கு உயிருக்கே ஆபத்து. பொட்டலம் தாமதமான அந்த நான்கு நாளில் அம்மாவுக்கு நேர்ந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். கழிவு எதுவும் வெளியேறவில்லை.

எனவே நாளைக்கே ஒரு பொது மருத்துவரிடமோ, அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள். பொடியையும் உறையையும் சேர்த்து எடுத்துப் போங்கள். அவர் ரத்த அழுத்தம், சர்க்கரை, உப்புச் சத்துகள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், கல்லீரல் நிலை ஆகியவற்றைப் பார்ப்பார். காலை எட்டு மணி வாக்கில், அட்ரீனல் சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசாலின் அளவையும் பார்க்கச் சொல்லலாம். அந்த அளவு மிகத் தாழ்ந்திருந்தால் சுரப்பி தூங்குகிறது என்று பொருள். பிறகு அளவு தெரிந்த ஒரு ஸ்டீராய்டு மாத்திரைக்கு மாற்றி, வாரக் கணக்கில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். இடையில் வாந்தியோ மயக்கமோ வந்தால் காத்திருக்க வேண்டாம்; அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய், ‘ஸ்டீராய்டு கலந்ததாகச் சந்தேகிக்கும் பொடி சாப்பிடுகிறார்’ என்று முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்.

இனி அந்த மூன்று நாள் கணக்குக்கு வருகிறேன்.

மூலிகைகளில் மூட்டு வலிக்கு ஓரளவாவது முறையான சோதனை நடந்தவை சிலதான் உண்டு. அவற்றில் முன்வரிசையில் நிற்பது வடக்கே சல்லகி என்று சொல்லும் மரத்தின் பிசின். நம் பக்கம் குந்திரிக்கம் என்பது இந்த இனம். பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு 2014-இல் வெளிவந்தது. இதைப் பற்றி அது சொல்வது என்ன? செறிவூட்டிய சாற்றை நாளுக்கு 100 மில்லிகிராம் வீதம் 90 நாள் சாப்பிட்டவர்களுக்கு, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட வலி நூற்றுக்கு 17 புள்ளி குறைவாக இருந்தது. நல்ல பலன்தான், நான் அதை அலட்சியம் செய்யவில்லை. ஆனால் 90 நாள் என்பதையும், 17 புள்ளி என்பதையும் கவனியுங்கள். மஞ்சளுக்கும் இதே கதை. தாய்லாந்தில் 367 முழங்கால் தேய்மான நோயாளிகளுக்கு மஞ்சள் சாறு ஒரு பக்கமும் ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை மறுபக்கமும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014-இல் வந்தது. நான்கு வாரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. எங்கள் துறையின் மருந்துகளுக்கும் இதே பொறுமை வேண்டும்: முடக்குவாதத்துக்கு நாங்கள் தரும் மெத்தோட்ரெக்சேட் வேலையைக் காட்ட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும்.

ஆறேழு ஆண்டு வலியை இரண்டு மூன்று நாளில் துடைத்துப் போடுவது எது? வலி மாத்திரையும் ஸ்டீராய்டும். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டின் அரை மில்லிகிராம் மாத்திரை ஒன்று ஒரு ரூபாய்கூட ஆகாது. நாலைந்து மாத்திரையை இடித்து ஒரு நாள் பொடியில் கலந்துவிட்டால் கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. மேலே சுக்கும் மிளகும் இருக்கும்போது எதுவும் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தையல்காரப் பெண்மணி என்னிடம் வந்தார். முட்டிக்காக ஏழு மாதம் ஒரு பொடி சாப்பிட்டவர். அதைப் பழைய ஊறுகாய் பாட்டிலில் போட்டு, முந்தானைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மூடியைத் திறந்ததும் சுக்கும் ஓமமும் அப்படி மணந்தது. பார்க்கவும் முகரவும் எந்தக் குறையும் சொல்ல முடியாத பொடி. ஆனால் அவருடைய முகம் நிலாப்போல வட்டமாகியிருந்தது. மேற்கையில் ரத்த அழுத்தப் பட்டை கட்டி அவிழ்த்த இடமே கன்றிச் சிவந்தது. அவர் வந்தது முட்டிக்காக அல்ல. முட்டி அருமையாக இருக்கிறது என்றார். இடுப்பில்தான் குத்துகிறது என்றார். ஸ்கேன் எடுத்தோம். இடது இடுப்பு மூட்டின் பந்து, ரத்த ஓட்டம் நின்று சிதையத் தொடங்கியிருந்தது. ஸ்டீராய்டு நீண்ட நாள் உள்ளே போனால் வரக்கூடிய கேடு அது. ‘முட்டி நல்லா இருக்குதே டாக்டர்’ என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

இது நம் ஊரின் பிரச்சினை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். 2022-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ‘ஆர்ட்ரி கிங்’ என்ற பெயரில் விற்ற மூட்டு வலிச் சத்து மாத்திரைகளைப் பரிசோதித்தது. அதில் லேபிளில் சொல்லாத டெக்ஸாமெத்தசோனும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தும் இருந்தன. கல்லீரல் பாதிப்பு, மரணம் வரை புகார்கள் வந்திருந்தன. மலேசியாவில் உங்களுக்கு உறவினர் இருந்தால் ‘ஜாமு’ என்ற அந்தப் பக்கத்து நாட்டு மருந்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஸ்டீராய்டு கலந்த ஜாமு அங்கே பழைய தலைவலி.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பொட்டலத்தை ஆய்வகத்தில் சோதிக்காமல் ‘கலப்படம்தான்’ என்று தீர்ப்பு எழுத எனக்கு உரிமையில்லை. மூன்று நாளில் வலி குறைவது நம்பிக்கையாலும் நடக்கும். முகம் உப்புவதற்கு வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் உடனடி நிவாரணம், நிறுத்தியதும் வந்த வாந்தியும் சோர்வும், உப்பிய முகம், ஏறிய சர்க்கரை ஆகிய நான்கும் ஒரே ஆளிடம் ஒரே சமயத்தில் வந்து நிற்கும்போது, சந்தேகப்படாதவன் மருத்துவன் அல்ல.

நம்பிக்கை என்று சொன்னேன். இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். வீடியோவில் வந்து ‘எனக்குக் குணமானது’ என்று சொல்பவர்கள் எல்லோரும் காசு வாங்கிக்கொண்டு பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. பலர் உண்மையாகவே சொல்கிறார்கள். சிக்கல் அதில்தான் இருக்கிறது. குளுக்கோசமைன் மாத்திரை முழங்கால் வலிக்கு உதவுமா என்று அமெரிக்காவில் 1,583 பேரிடம் ஆய்வு செய்து 2006-இல் வெளியிட்டார்கள். அதில் வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு ஆறு மாதத்தில் வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்திருந்தது. மாவுக்கு! குளுக்கோசமைனுக்கு 64 பேர். இந்த நான்கு பேர் வித்தியாசத்தைத் தற்செயல் என்றே புள்ளியியல் ஒதுக்கிவிட்டது. அப்படியும் அந்த மாத்திரை எங்கள் மருந்துக் கடைகளில் இன்றும் அமோகமாக விற்கிறது. எழுதிக் கொடுக்கும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். மிகைப்படுத்தி விற்பது நாட்டு மருந்துக்காரரின் தனிச்சொத்து இல்லை.

மாவு எப்படி வேலை செய்தது? தேய்மான வலி ஒரே நேர்க்கோட்டில் போவதில்லை, ஏறும், இறங்கும். தாங்க முடியாமல் ஏறி நிற்கும் வாரத்தில்தான் நாம் புதிய மருந்தைத் தேடுகிறோம். அடுத்த வாரம் அது தானாக இறங்கினாலும் பெயர் மருந்துக்குப் போகிறது. 2006-இல் சிக்குன்குனியா நம் மாநிலத்தைப் புரட்டிப் போட்டதே, நினைவிருக்கிறதா? வீட்டுக்கு வீடு கூன் விழுந்தாற்போல் நடந்தார்கள். அந்த மூட்டு வலி பெரும்பாலோருக்குச் சில வாரத்திலோ மாதத்திலோ தானே அடங்கிவிடும் வகை. அந்த மாதங்களில் தெருவுக்குத் தெரு தைலமும் கஷாயமும் விற்றவர்கள் அத்தனை பேரும் கைராசிக்காரர்கள் ஆனார்கள். நானும் அப்போது இளம் மருத்துவன். என் மாத்திரைகளுக்கும் அந்தப் புகழில் பங்கு கிடைத்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

ஆகவே ஒருவருக்குக் குணமான கதையைக் கேட்டால், ‘அவருக்கு என்ன நோய்?’ என்று கேளுங்கள். மூட்டு வலி என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. சவ்வுத் தேய்மானம் ஒன்று; யூரிக் அமிலம் படிந்து கால் பெருவிரல் தீயாய் எரிவது வேறு; கைவிரல் கணுக்கள் வீங்கி, காலையில் எழுந்து அரைமணி ஒரு மணி நேரத்துக்கு விரலை மடக்க முடியாத முடக்குவாதம் முற்றிலும் வேறு. இந்தக் கடைசி ஆளுக்கு முதல் சில மாதங்கள் பொன்னானவை. பொடியில் ஸ்டீராய்டு இருந்தால் வீக்கம் அடங்கினாற்போல் தோன்றும். உள்ளே எலும்பு அரிபடுவது நிற்பதில்லை. எல்லா மூட்டு வலிக்கும் ஒரே பொடி என்று ஒருவர் சொன்னால், அவர் நோயாளியைப் பார்க்கவே இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். தேய்ந்த சவ்வு மீண்டும் வளரும் என்று சொன்னால் இன்னும் ஒரு படி எச்சரிக்கை. தேய்ந்த முழங்காலில் சவ்வைப் பழையபடி வளர்த்து வலியையும் போக்கியதாக நிரூபிக்கப்பட்ட மருந்து எதுவும் கிடையாது. அலோபதியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பொட்டலத்தின் உறையைக் கையில் எடுத்துப் பாருங்கள். உரிமம் பெற்ற சித்த, ஆயுர்வேத மருந்தென்றால் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, ஒவ்வொரு சரக்கின் பெயர், அளவு எல்லாம் அதில் அச்சிட்டிருக்க வேண்டும். சேராங்கொட்டை, எட்டி, பாதரசம் போன்ற நச்சுச் சரக்கு சேர்ந்திருந்தால் மருத்துவக் கண்காணிப்பில் சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கையும் வேண்டும். ‘27 அரிய மூலிகைகள்’ என்பது சரக்குப் பட்டியல் ஆகாது. என்னென்ன என்று கேட்டால் ‘குலரகசியம்’ என்பார்கள். சாப்பிடுகிறவருக்கே சொல்லக்கூடாத ரகசியம் வேறு எந்தச் சமையலில் இருக்கிறது? உரிம எண் இருந்தாலுமே, அது தயாரிக்கக் கொடுத்த அனுமதிதான்; நோய் தீரும் என்று அரசு கொடுத்த நற்சான்று அல்ல. 1954-ஆம் ஆண்டு இயற்றிய மருந்துகள், மந்திர நிவாரணிகள் விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் பிளேக்கிலிருந்து உயரம் கூட்டுவது வரை 54 இனங்கள் உள்ளன. மூட்டு வாதமும் அதில் ஒன்று. அதைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே சட்டப்படி குற்றம். அந்த வீடியோ எத்தனை லட்சம் பேர் பார்த்ததாக இருந்தால் என்ன?

கன உலோகங்கள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சுற்றியுள்ள தெற்காசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004-இல் வெளியிட்டார்கள். 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. பற்பம், செந்தூரம் என்று உலோகத்தை அறிந்தே பயன்படுத்தும் மரபு சித்த மருத்துவத்தில் உண்டு. அதற்கு நச்சு நீக்கும் சுத்தி முறை, அளவு, பத்தியம், நாள் கணக்கு எல்லாம் உண்டு. நான் மதிக்கும் சித்த மருத்துவர்கள், நாடி பார்க்காமல் தபாலில் மருந்து அனுப்புகிறவர்கள் மீது என்னைவிடக் கோபமாக இருக்கிறார்கள். கெடுவது அவர்கள் பெயர் அல்லவா? அம்மாவுக்கு நாட்டு மருந்தில்தான் மனம் ஒப்பும் என்றால் தடுக்காதீர்கள். ஸ்டீராய்டு விவகாரம் முடிந்த பிறகு, அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவுக்கோ, தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கோ அழைத்துப் போகலாம். அங்கே மருத்துவர் ஆளைப் பார்ப்பார். சாப்பிடும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைக் கேட்பார். பொடியைப் பற்றிப் புகார் கொடுக்க விரும்பினால் மாவட்ட சித்த மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். பில்லும் உறையும் பத்திரம்.

முடக்கத்தானுக்கு வருகிறேன். முடக்கை அறுப்பதால் முடக்கறுத்தான் என்று பெயரே சான்றிதழ் போல அமைந்துவிட்டது. ஆய்வகத்திலும் எலிகளிலும் வீக்கத்தைக் குறைத்ததாகச் சோதனைகள் உண்டு. மனிதர்களிடம் பெரிய அளவில் செய்த சோதனையைக் காட்டி, இத்தனை கீரை, இத்தனை நாள், இவ்வளவு பலன் என்று சொல்லும் நிலையில் நாம் இல்லை. என் மனைவி முடக்கத்தான் தோசை ஊற்றினால் நான் நான்கு சாப்பிடுவேன். முட்டிக்காக இல்லை, அந்த லேசான கசப்புக்காக. பிரண்டையும் அப்படித்தான். கணுவை நீக்கி, நாரை உரித்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கி, நல்லெண்ணெயில் வதக்கிப் புளி சேர்த்து அரைத்த துவையல் நல்ல உணவு. சரியாக வதக்காவிட்டால் நாக்கு அரிக்கும்; அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகளின் வேலை அது. ‘பிரண்டையில் கால்சியம், ஆகவே எலும்பு வளரும்’ என்று விற்பவர்கள் அந்தக் கால்சியம் எந்த வடிவில் இருக்கிறது என்று சொல்வதில்லை. சிறுநீரகக் கல் இருப்பவர்கள் தினமும் வேண்டாம்.

மஞ்சளில் ஒரு கணக்கு உண்டு. தாய்லாந்து ஆய்வில் கொடுத்தது செறிவூட்டிய சாறு. நம் அடுக்களை மஞ்சள் தூளில், பலன் தருவதாகச் சொல்லும் குர்குமின் என்ற சத்து நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பங்குதான். பாலில் அரைக் கரண்டி போட்டு அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. சரி, செறிவூட்டிய மாத்திரையே வாங்கிவிடலாமா? மிளகுச் சத்தைச் சேர்த்தால் குர்குமின் ரத்தத்தில் சேர்வது இருபது மடங்கு கூடும் என்று பெங்களூரில் 1998-இலேயே கண்டார்கள். இப்போது பல மாத்திரைகளில் அதைச் சேர்க்கிறார்கள். அப்படிப்பட்ட மாத்திரை சாப்பிட்டுக் கல்லீரல் அழற்சி வந்தவர்களை இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவு செய்திருக்கிறார்கள். சிலருக்குத்தான், ஆனால் வந்திருக்கிறது. சாம்பாரில் போடும் மஞ்சளுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அம்மாவின் முழங்காலுக்கு எது பலன் தரும் என்று கேட்பீர்கள். விற்கவே முடியாத இரண்டு வைத்தியம் உண்டு. அதனால்தான் அவற்றுக்கு வீடியோ வருவதில்லை. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் எட்டிலும் முழங்கால் சுமக்கும் பாரம் நான்கு கிலோ குறைகிறது. மற்றொன்று தொடைத் தசை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை பிடித்து இறக்க வேண்டும். காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். முதல் வாரம் ‘இதென்ன, பள்ளிக்கூட டிரில்லா?’ என்று சலித்துக்கொள்வார். இரண்டு மாதம் விடாமல் செய்தால் படி ஏறுவதில் வித்தியாசம் தெரியும். கழிப்பறையில் குந்தி உட்காராமல் மேல்நாட்டு இருக்கை போட முடியுமானால் போடுங்கள். 4,200 ரூபாயில் பாதிக்கு மேல் அதற்கே ஆகும், ஆனால் அடுத்த மண்டலத்துக்கு மறுபடி வாங்க வேண்டியதில்லை. வலி கூடும் நாளில் தடவும் வலி நிவாரணி ஜெல் போதும். வலி மாத்திரையை மருந்துக் கடையில் தானாக வாங்கிப் போட வேண்டாம், 61 வயதில் வயிறும் சிறுநீரகமும் அதற்கு விலை கொடுக்கும்.

இதையெல்லாம் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். ‘ஏமாந்துவிட்டாயே’ என்று மட்டும் தொடங்காதீர்கள். ஆறேழு ஆண்டுக்குப் பிறகு வலியில்லாமல் கோயில் படி ஏறியவரிடம் அதைச் சொன்னால், அடுத்த பொட்டலம் அரிசி டிரம்முக்குள் போய்விடும்; உங்களுக்குத் தெரியாமல் சாப்பிடுவார், தெரியாமலே நிறுத்துவார். நிறுத்தும் நாள்தான் ஆபத்தான நாள். ‘சர்க்கரை கூடியிருக்கிறது, ஒரு ரத்தப் பரிசோதனை பார்த்துவிடலாம், பொடியையும் டாக்டரிடம் காட்டிக் கேட்போம்’ என்று சொல்லி அழைத்துப் போங்கள். கடிதத்தில் தபால் உறையின் புகைப்படத்தை வைக்க மறந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். இருந்தால் அதையும், பரிசோதனை முடிவுகளையும் எனக்கு அனுப்புங்கள்.